திரையில் செய்த கல்

கணினித் திரையில் முட்டை வடிவத்துக்குள் பச்சையைப் பூசி, மேலோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்து மங்கலாக்கியதும் கல் பளபளத்தது. ஆனாலும் அதில் உயிர் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஓபல் ரத்தினக்கல் தோண்டும் எங்கள் ஊரான கூபர் பெடியில் நடக்கும் ஓபல் திருவிழாவுக்கான சுவரொட்டி அது. அச்சகத்தில் படம் செய்கிறவள் நான்.

என் கணவன் மிலோராத்தின் சுரங்கக் கூட்டாளி ஸ்லாவ்கோ, ரசீதுப் புத்தகம் வாங்க வந்தவன், என் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான்.

"செத்த மீன் கண்ணு மாதிரி இருக்கு யஸ்னா. செவப்பு போடு. செவப்பில்லாத கல்ல எவன் திரும்பிப் பாப்பான்?"

படத்தின்மேல் தனி அடுக்கு ஒன்றைச் சேர்த்து, அதில் சிவப்புத் துணுக்குகளைத் தூவினேன். கல் தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

சாயங்காலம் வீட்டில் மடிக்கணினியைத் திறந்து எழுத்துகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மிலோராத் தலையெல்லாம் மண்ணோடு வந்தான். பூட்ஸைக் கழற்றக் குனிந்தவன், திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"யாரோடது?"

ஒன்பது வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்துதான் தோண்டுகிறார்கள். வெளிறிய கற்களைத் தவிர எதுவும் அகப்பட்டதில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளையாட்டுப் புத்தி வந்தது.

"ஸ்லாவ்கோ குடுத்தது."

சிவப்பு போடச் சொன்ன யோசனையைத்தான் சொன்னேன். மேலே கேட்பான், சிரிக்கலாம் என்றிருந்தேன். அவன் கேட்கவில்லை, வெளியே போனான். சிகரெட் பிடிக்கப் போகிறான் என்று நினைத்து உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றினேன்.

அது வேகுவதற்குள் ஸ்லாவ்கோவின் மனைவி ஃபோன் செய்தாள்.

"உன் புருஷன் எங்க வீட்டுச் சுவரக் கடப்பாரையால இடிக்கிறான். தடுக்கப் போனவர வாயிலயே குத்திட்டான். நாங்க கல்ல ஒளிச்சு வெச்சிருக்கமாம். எந்தக் கல்லுடி?"

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாறையைக் குடைந்து செய்த அவர்கள் வீட்டின் சமையலறையில் சுவர் பெயர்ந்து கிடந்தது. மேஜைமேல் கணினியை வைத்து படத்தின் அடுக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக் காட்டினேன். மினுக்கு போயிற்று. சிவப்பு போயிற்று. பச்சையும் போனபின் சாம்பல் நிறத்தில் வெறும் முட்டை வடிவம் நின்றது.

"விளையாட்டுக்குச் சொன்னேன்," என்றேன்.

என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மிலோராத் கடப்பாரையைக் கீழே வைத்தான். ஸ்லாவ்கோ வாயில் துண்டை அழுத்திக்கொண்டு, திரையைப் பார்க்காமல் அவனை மட்டும் பார்த்தான்.

"ஒம்போது வருஷமா உன்ன நான்தான்டா குழிக்குள்ள எறக்குறேன். நீ என்னையா சந்தேகப்பட்ட?"

மிலோராத் கடப்பாரையை அங்கேயே விட்டுவிட்டு வெளியேறினான்.

மறுநாள் காலையில் சுரங்கத்துக்குக் கிளம்பிய மிலோராத்தின் வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். ஸ்லாவ்கோ வரமாட்டான் என்றுதான் இருவருமே நினைத்தோம். ஆனால் வீங்கிய உதட்டோடு அவன், ஆளைக் குழிக்குள் இறக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தான், ஒரு கை விசைமேல். மிலோராத் அவனருகே போய் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஸ்லாவ்கோ இயந்திரத்தைக் கிளப்பினான். அந்த இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை.

மிலோராத் கயிற்றில் தொங்கிய இருக்கையில் உட்கார்ந்து, குழிக்குமேல் கால்களைத் தொங்கவிட்டான். கயிறு இறுகியது. அவன் தலை மண்ணுக்குக் கீழே மறைந்தது. ஸ்லாவ்கோ குழியைப் பார்க்கவில்லை. விசையிலிருந்து கையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.