தொட்டி திருடவில்லை

முதலியார்பேட்டையில் அக்பர் அலியின் பழைய இரும்புக் கடையின் பின்கட்டில் ஒரு பெரிய தராசு இருந்தது. தரையோடு தரையாக ஒரு பலகை, அதன் ஓரத்தில் ஒரு தூண், தூணின் தலையில் கோடு போட்ட இரும்புத் தண்டு. அந்தத் தண்டில் நகர்த்துவதற்கு ஒரு குண்டு உண்டு. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குண்டுதான். ஆனாலும் பலகையில் நிற்கும் ஆளை அது சமாளித்துவிடும். பலகைக்கு அடியில் நெம்புகோல்கள் மறைந்திருக்கின்றன. ஆளின் பாரம் அச்சுக்குப் பக்கத்தில் அழுத்துகிறது, குண்டோ அச்சைவிட்டுத் தள்ளித் தொங்குகிறது. எவ்வளவுக்கு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு அதற்குப் பலம். தண்டு மேலும் கீழும் ஆடி மட்டத்துக்கு வரும்போது குண்டு எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதுதான் எடை. கல்யாணத்துக்கு முன்பு மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள் நான். இப்படி ஒன்று இன்னொன்றைத் தள்ளி வேலை செய்வதைப் பார்த்தால் எனக்குப் பசிகூடத் தெரியாது.

அந்தப் பங்குனி மாதம் எனக்குப் பசி நன்றாகவே தெரிந்தது.

மதியம் கடை பூட்டிய பிறகு அக்பர் அலியின் மனைவி ஹாஜிரா என்னைப் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டுக்கொள்வாள். நான் பலகையில் ஏறி நிற்பேன். அவள் குண்டை நகர்த்துவாள்.

"மூச்ச இழுத்துப் புடிச்சா எட கொறையாது கமலா. வுடு."

விட்டேன். தண்டு ஆடி நின்றது.

"எண்பத்தாறு" என்றாள்.

"மாசி மகத்துக்கு?"

"எண்பத்தாறு. பொங்கலுக்கும் அதான். ஏன்டி, தராசுக்கு ஏதாவது லஞ்சம் குடுத்து வச்சிருக்கியா?"

"லஞ்சம் குடுக்கிறவ எண்பதுன்னு சொல்லச் சொல்ல மாட்டனா?"

தராசுமேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. கடையில் முத்திரை குத்திய இருபது கிலோ எடைக்கற்கள் இருந்தன. நான் எதையும் தூக்கக் கூடாது என்பதால் ஹாஜிராவே முனகிக்கொண்டு நான்கைத் தூக்கிப் பலகையில் வைத்தாள். தண்டு எண்பதில் மட்டமாக நின்றது. தராசின்மேல் குற்றமில்லை.

நான் ஏன் எதையும் தூக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டும். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்குத் தொப்புளுக்குப் பக்கத்தில் குடலிறக்கம். வயிற்றுத் தசை ஒரு சாக்கு என்றால், அதில் தையல் விட்ட இடத்தில் குடல் வெளியே எட்டிப் பார்க்கிறது. இருமினால் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். அதற்கு முந்தின ஆடி மாதம் டாக்டர் ராமலிங்கத்திடம் காட்டியபோது என் எடை தொண்ணூற்று நான்கு.

"புடைச்சிட்டிருக்கிற சாக்க தைக்க முடியுமா? தையல் பிச்சிக்கும். எண்பதுக்கு வாங்க, தைக்கிறேன். அதுவரைக்கும் பாரம் தூக்காதீங்க" என்றார் அவர். ரொம்ப நாள் இழுத்தடிக்க வேண்டாம், குடல் அந்த ஓட்டையில் மாட்டி முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார்.

சோற்றைப் பாதியாக்கினேன். எண்ணெய்ப் பலகாரத்தை விட்டேன். காபிக்குச் சர்க்கரை இல்லை. எடை இறங்கியது. தை பிறக்கும்போது எண்பத்தாறு. இன்னும் ஆறு கிலோதான், சித்திரைக்குள் தைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதோடு நின்றதுதான்.

வீட்டில் என் நாத்தனார் ராஜாம்பாள் இருந்தார். என் கணவர் சாமிக்கண்ணுவின் அக்கா. புருஷன் போன பிறகு தவளக்குப்பத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். எடை நின்றது ஏன் என்பதற்கு அவரிடம் ஒரே விடைதான் இருந்தது. பொட்டுக்கடலை டின்னைத் திறந்து கடலையை மட்டமாக்கி, நடுவில் தன் ஐந்து விரலையும் பதித்து மூடி வைத்தார். யாராவது ஒரு பிடி அள்ளினால் கை அழிந்துவிடும் அல்லவா?

ஒருநாள் அந்த டின்னைத் திறந்து பார்த்தேன். ராஜாம்பாளின் கை அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் என் கையையும் பதித்து மூடி வைத்தேன்.

சாயங்காலம் வீடே அதிர்ந்தது.

"டின்ன தொறந்திருக்கா பாரு! நான் சொன்னப்ப நம்பலியேடா சாமிக்கண்ணு!"

"தொறந்தேன் அண்ணி. எடுத்தனா? உங்க வெரலு அஞ்சும் இருக்குதா, எண்ணிப் பாருங்க."

"வாயக் கட்டுனா எட எறங்காம எங்க போவும்? காத்த குடிச்சா ஒடம்பு வளரும்? நாளையிலேருந்து இவளுக்கு ராத்திரிக்குக் கஞ்சித் தண்ணிதான்."

என் கணவர் மில்லில் பிட்டர். கழன்று கிடக்கும் எந்த யந்திரத்தையும் ஓட வைப்பார். பேச்சு என்று வந்தால் மட்டும் அவரே கழன்றுபோவார். "அக்கா சொல்றது உன் நல்லதுக்குத்தான் கமலா" என்றார்.

"கஞ்சித் தண்ணி குடிச்சா தல சுத்துது. தல சுத்தி வுழுந்தா அந்தப் புடைப்பு என்னாவும்னு யோசிச்சீங்களா? கொறைக்க வேண்டியத கொறைச்சிட்டேன். இதுக்கு மேல ஒரு கரண்டி கொறைக்க மாட்டேன். நான் திருடியில்ல."

அன்றிலிருந்து ராஜாம்பாள் எனக்குச் சோறு போடும்போது அகப்பையின் விளிம்பைத் தட்டித் தட்டிப் போட்டார். நான் தட்டை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்து, என் பங்கு முழுவதும் விழுந்த பிறகுதான் கை வைத்தேன்.

விடை எனக்குக் கொல்லையில் கிடைத்தது. தெருக் குழாய்க்கு நான் போகக் கூடாது என்று என் கணவர் மார்கழியில்தான் வீட்டுக்குள் குழாய் இழுத்திருந்தார். குழாய்க்கு அடியில் அவர் கையால் கட்டிய சிமெண்டுத் தொட்டி. தொட்டியின் அடியில் ஒரு துளை, அதற்கு ஒரு கட்டை அடைப்பு. குழாயை எவ்வளவு இறுக்கினாலும் விரல் பருமனுக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டேயிருக்கும்.

தொட்டியைக் கழுவலாம் என்று அடைப்பைப் பிடுங்கினேன். நிறைந்திருந்த தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு ஓடியது. மட்டம் மளமளவென்று இறங்கியது. பிறகு மெதுவாக இறங்கியது. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது.

துளை அடைத்துக்கொண்டதோ என்று குனிந்து பார்த்தேன். இல்லை, தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. பீய்ச்சல் மட்டும் இல்லை.

ஆட்டாங்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். தொட்டி நிறைய இருக்கும்போது மேலே உள்ள தண்ணீரெல்லாம் கீழே இருப்பதை அழுத்துகிறது. அதனால் துளை வழியாக வேகமாக ஓடுகிறது. மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறைகிறது, ஓட்டமும் குறைகிறது. ஒரு கட்டத்தில் குழாயிலிருந்து விழுவதும் துளையில் போவதும் சமமாகிவிடுகின்றன. அங்கே மட்டம் நிற்கிறது. தொட்டி யாருக்கும் தெரியாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரவில்லை.

தொண்ணூற்று நான்கு கிலோ உடம்பு தன்னைத் தானே சுமந்து நடக்க நிறையச் செலவழித்தது. எண்பத்தாறு கிலோவுக்கு அவ்வளவு செலவு கிடையாது. அதே அரைத் தட்டுச் சோறுதான் விழுகிறது. அன்று போதாமல் இருந்த சோறு இன்று சரியாகப் போதுகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு கந்தலைச் சுருட்டித் துளையில் பாதி அடைத்தேன். மட்டம் ஏறி, இன்னும் உயரத்தில் போய் நின்றது.

"மாவு பொங்கி வழியுது, தண்ணிய வேடிக்க பாக்குறா!" என்று ராஜாம்பாள் கத்தினார்.

திரும்பினேன். என் பக்கத்திலேயே ஆட்டாங்கல்லின் குழவி சுற்றிக்கொண்டிருந்தது. அக்பர் அலி கடையில் வாங்கிய பழைய மோட்டாரைப் பட்டை போட்டு மாட்டி, மாவாட்டும் வேலையை எனக்கு இல்லாமல் பண்ணியிருந்தார் என் கணவர். அதுவும் மார்கழியில்தான். மதியச் சாப்பாட்டுக்குச் சைக்கிளில் கேரியர் எடுத்துப் போகும் கண்ணையனை ஏற்பாடு செய்ததும் அப்போதுதான். அதற்கு முன்பு மில் வாசலுக்கு நானேதான் சாப்பாடு கொண்டுபோனேன். பெரிய குடம் தூக்கக் கூடாது என்பதால் தெருக் குழாய்க்கும் வீட்டுக்கும் சின்னச் செம்போடு ஓயாமல் நடந்தேன்.

என் உடம்பின் துளையில் கந்தல் வைத்தது யார் என்று தெரிந்துவிட்டது. அன்பாகத்தான் வைத்திருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"டாக்டர், நான் நடக்கலாமா?"

"நடக்காதன்னு யார் சொன்னது? பாரம்தானே தூக்கக் கூடாது?"

"வீட்டுல எல்லாரும் உக்காரச் சொல்லிட்டாங்க."

அவர் சிரித்துவிட்டு, வயிற்றில் துணிப் பட்டை கட்டிக்கொண்டு நடக்கச் சொன்னார். முதலில் மெதுவாக, வலித்தால் நிறுத்த வேண்டும். எடை நின்றுபோவது எல்லாருக்கும் வருவதுதான் என்றும் சொன்னார். அதை முன்பே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

கண்ணையனை நிறுத்தினேன். மதியச் சங்குக்கு மில் வாசலில் கேரியரோடு நின்றேன். வெளியே வந்தவர்களுக்குக் கொண்டாட்டம்.

"சாமிக்கண்ணு, வூட்டுக்காரம்மா காவலுக்கு வந்துட்டாங்கடா! ஓடி ஒளிஞ்சிக்கோ!"

"லாரி வருது, வழி வுடுங்கப்பா!"

"லாரிதான். பிரேக்கு இல்ல, தள்ளி நில்லு" என்றேன். சொன்னவன் உண்மையிலேயே தள்ளி நின்றான்.

அன்று வீட்டுக்கு வந்த என் கணவர் கேரியரைக் கீழே வைத்ததும் வைக்காததுமாகச் சொன்னார். "எல்லாரும் சிரிக்கிறானுங்க. நாளையிலேருந்து வராத. அவ்ளோ கஷ்டப்பட்டு மோட்டாரு மாட்டினேன், குழா இழுத்தேன். எல்லாம் வேஸ்டுன்ற."

"வேஸ்டு இல்லீங்க. மோட்டாரு நல்ல மோட்டாரு. அது மாவாட்டுற நேரத்துல நான் நடக்குறேன். அது ஆட்டுறத பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா என் எட எப்படி எறங்கும்?"

அவரைக் கொல்லைக்கு இழுத்துப் போய்த் தொட்டியைக் காட்டினேன். அடைப்பைப் பிடுங்கினேன். மட்டம் இறங்கி நின்றதைப் பார்த்தார். கந்தலை வைத்தேன், ஏறியதைப் பார்த்தார். பிட்டர் அல்லவா, அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழாயைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வாஷர் மாத்தணும்" என்றார்.

சாயங்காலங்களிலும் நடக்கத் தொடங்கினேன். முதலில் தெருமுனை வரை. பிறகு சோனாம்பாளையம் வழியாகக் கடற்கரை வரை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தாக்களின் வீடுகளில் பால்கனியில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

அடுத்த முறை தராசுக்கு ராஜாம்பாளும் கூடவே வந்தார், சாட்சிக்கு. ஹாஜிரா குண்டை நகர்த்தினாள்.

"எண்பத்தாறு."

"நடந்தாளாம் நட! தெருத் தெருவா சுத்துனதுதான் மிச்சம்" என்றார் ராஜாம்பாள்.

வயிற்றில் கை வைத்துக்கொண்டு பலகையிலேயே நின்றேன். பட்டைக்கு அடியில் புடைப்பு சூடாக இருந்தது. அழுகை வந்தது. ஆனால் துளையில் வைத்த கந்தலை எடுத்தாலும் மட்டம் உடனே இறங்கி நின்றுவிடுவதில்லை, அதற்கு நேரம் எடுக்கும் என்பதையும் நான் பார்த்திருந்தேன்.

"அண்ணி, நீங்களும் ஏறி நில்லுங்க, பாப்பம்" என்றேன்.

"நான் எதுக்கு?"

"டின்ன காவல் காக்குறவங்களும் சரியா இருக்கணுமில்ல?"

ஹாஜிரா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ராஜாம்பாள் ஏறவில்லை.

மறுநாளும் நடந்தேன். சித்திரை வெயிலில் நடந்தேன். அரைத் தட்டுச் சோற்றைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சித்திரைக் கடைசியில் தண்டு எண்பத்தைந்துக்கு இறங்கியது. பிறகு எண்பத்துநான்கு. எண்பத்திரண்டில் மறுபடியும் நின்றது. வீட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் போய்த் தொட்டியின் துளையைப் பார்த்துவிட்டு வந்து, அன்றிலிருந்து கடற்கரையில் மேரி என்கிற நகராட்சிக் கட்டடத்தோடு திரும்பாமல் சாலையின் வடக்குக் கோடிவரை போய்த் திரும்பினேன்.

ஆடி பிறந்ததும் ஒரு மதியம் ஹாஜிரா குண்டை நகர்த்தி, கோட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு என்னை இறக்கிவிட்டு, தானே நான்கு இருபது கிலோக் கற்களைத் தூக்கிப் பலகையில் வைத்தாள். தண்டு அசையாமல் அதே கோட்டில் மட்டமாக நின்றது.

"நாலு கல்லுடி நீ" என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். ராஜாம்பாள் அடுப்படியில் இருந்தார். அலமாரியிலிருந்து பொட்டுக்கடலை டின்னை இறக்கி அவர் எதிரிலேயே திறந்தேன். ஐந்து விரலும் புதிதாகப் பதிந்திருந்தன. அந்தக் கையின் நடுவில் என் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, மென்றேன்.

"எண்பது அண்ணி. டாக்டர்கிட்ட தேதி கேக்கப் போறேன். நடந்துதான் போறேன்."

ராஜாம்பாள் டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூடிய நல்லா அழுத்தி மூடிட்டுப் போ. எறும்பு ஏறும்."