ட்ரூடியின் முட்டி

வியாழக்கிழமை மதியம் மார்லா ஹூக்ஸ்ட்ரா ஒரே பன்னிரண்டு விநாடிகளை ஒன்பதாவது முறையாக ஓட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை கூடைப்பந்து இறுதி ஆட்டத்தில் மோதப்போகும் கல்லூரி, போன மாதம் வேறொரு அணியோடு ஆடிய ஆட்டத்தின் பதிவு அது.

உதவிப் பயிற்சியாளர் டானெட்டுக்குப் பசி. "கோச், அந்தப் பதினாலாம் நம்பர்கிட்ட அப்படி என்னதான் இருக்கு? அவ பந்தையே தொடலையே."

"அவ கையைப் பாரு. மூலைக்கு ஓடுறா, பாதியில நிக்கிறா, வலது முட்டியைத் தொடுறா, மறுபடி ஓடுறா."

"ஏமாத்து வேலை. கூட ஓடுற பொண்ணு ஒரு நொடி திகைச்சு நிப்பா."

"இல்ல டானெட். அது ட்ரூடியோட முட்டி."

பத்தொன்பது வருடங்களுக்கு முன் மொன்டானாவில், முதல் வேலையில், ஒரு பீட்சா அட்டையின் மூடியில் மார்லா வரைந்த ஆட்டத் திட்டம் அது. கோட்டுக்கு வெளியே நின்று ஒருத்தி பந்தை எறிய வேண்டும். உயரமான இருவர் சுவர் மாதிரி நிற்க வேண்டும். அந்தச் சுவரைச் சுற்றி வந்து நான்காமவள் பந்தை வாங்கி வளையத்தில் போட வேண்டும். ஐந்தாமவளுக்கு ஒரே வேலைதான்: மூலைக்கு ஓடி, தன்னை மறித்து நிற்கும் எதிராளியையும் அங்கே இழுத்துப் போவது. அந்த ஐந்தாமவள்தான் ட்ரூடி. அவளுக்கு முட்டியில் வலி. பாதி ஓட்டத்தில் நின்று, தடவிவிட்டுத்தான் ஓடுவாள். அந்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். பதிவு ஊர் ஊராகப் போனது. அடுத்தவர் பதிவிலிருந்து ஆட்டத்தைச் சுடுவது இந்தத் தொழிலில் குற்றமில்லை, சுடாதவன்தான் சோம்பேறி.

ஆனால் வலியையுமா சேர்த்துச் சுடுவார்கள்?

மார்லா போனை எடுத்தாள். முதலில் வயோமிங்கில் இருக்கும் கர்ட்டைப் பிடித்தாள். முன்பு அவளிடம் உதவியாளனாக இருந்தவன்.

"ஆமா கோச், அதை நான் கோச்சுங்களுக்கான கோடை முகாம்ல சொல்லிக் குடுத்தேன். முட்டியைத் தொடுறதும் சேர்த்துத்தான். ரொம்ப நுணுக்கமான வேலைன்னு நெனச்சேன்."

"அவளுக்கு வலிச்சது கர்ட். அவ்வளவுதான்."

"நீங்க சொல்லவே இல்லையே."

"நீ கேக்கலையே. முகாமுக்கு ப்ளாட் வந்தானா?"

"முதல் வரிசையில உக்காந்து எழுதிட்டிருந்தான்."

ப்ளாட்தான் சனிக்கிழமை எதிரணியின் பயிற்சியாளர். போனை வைத்தபோது மார்லாவின் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து டானெட்டுக்குக் கவலை வந்தது. அந்த வாரம் மார்லா சிரிக்கும்படி வேறெதுவும் இல்லை. ஐந்து ஊர்களில் மூட்டை பிரித்து மூட்டை கட்டி, ஆறாவதாக இந்த நெப்ராஸ்கா கல்லூரிக்கு வந்தவள் அவள். முந்தைய மூன்று வருடமும் ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். சனிக்கிழமை ஜெயித்து தேசியப் போட்டிக்குப் போனால் புது ஒப்பந்தம்; இல்லாவிட்டால் திங்கட்கிழமை அவளுடைய வேலைக்கு ஆள் தேடி விளம்பரம். விளையாட்டுத் துறை இயக்குநர் வெல்டன் அதைக் கடிதமாகவே கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஆட்டம். வெளியே பனி, உள்ளே பாப்கார்ன் வாசனையும் பேண்டு சத்தமும். கடைசியில் நான்கு விநாடிகள் மிச்சம் இருந்தபோது மார்லாவின் அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. பந்து ப்ளாட்டின் அணியிடம், பக்கக் கோட்டுக்கு வெளியே. அவருடைய பெண்கள் மார்லா வரைந்த அந்தத் திட்டத்துக்கே வரிசை கட்டினார்கள்.

மார்லா டைம் அவுட் கேட்டாள். பதினாலாம் எண்ணை மறித்து ஆடிக்கொண்டிருந்த தன் அணிப் பெண் ஆட்ராவைத் தோளைப் பிடித்து அருகே இழுத்தாள்.

"அவ நின்னு முட்டியைத் தொடுவா. தொட்டதும் அவளை விட்டுடு. சுவரைச் சுத்தி வர்றவளைப் போய் அடை. அங்க ரெண்டு பேரா நில்லுங்க."

"இவ தனியா நிப்பாளே, கோச்."

"நிக்கட்டும். அவளுக்குப் பந்து வராது. பத்தொம்பது வருஷமா வந்ததில்ல."

டானெட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் விசில் ஊதிவிட்டது.

எல்லாம் வரைந்தபடியே நடந்தது. பதினாலாம் எண் ஓடினாள், நின்றாள், முட்டியைத் தொட்டாள். ஆட்ரா அவளை விட்டுவிட்டுப் பாய்ந்தாள். சுவரைச் சுற்றி வந்தவள் இரண்டு பேருக்கு நடுவே சிக்கி, கையை நீட்டக்கூட இடமில்லாமல் நின்றாள். பந்தை வைத்திருந்தவளுக்கு எறிய ஆளில்லை. ஐந்து எண்ணுவதற்குள் எறியாவிட்டால் பந்து கைமாறிவிடும்; நடுவர் கையை வீசி எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று. நான்கு. அவள் கண் அலைந்து, குனிந்த வாக்கில் தனியாக நின்ற பதினாலாம் எண்ணின் மேல் விழுந்தது.

எறிந்துவிட்டாள்.

பதினாலாம் எண் முட்டியிலிருந்து கையை எடுத்துப் பந்தைப் பிடித்தாள். சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. போட்டாள். பந்து வளையத்தில் இரண்டு முறை தட்டி உள்ளே விழுந்தது. அதோடு நேரமும் முடிந்தது.

இத்தனை வருடமாக அந்த ஐந்தாமவளுக்குப் பந்து வராததற்குக் காரணம், யாரும் அவளைத் தனியாக விடாததுதான். மார்லாவுக்கு அது பந்து காற்றில் இருந்தபோதே புரிந்தது.

கைகுலுக்கும் வரிசையில் ப்ளாட் அவள் கையை விடவில்லை. "அவளை விடணும்னு எப்படித் தோணிச்சு? யாரும் விட்டதில்லையே."

"முட்டிக்கு அர்த்தம் இல்லைன்னு எனக்குத் தெரியும். அந்த முட்டி என்கிட்ட ஆடின பொண்ணு ஒருத்தியோடது. வலி."

"வலியா? அக்டோபர்ல மூணு வாரம் அதை மட்டும் சொல்லிக் குடுக்கறேன் மார்லா. முதல்ல பார்வை இறங்கணும், அப்புறம் கை."

"நல்லாத்தான் செய்யறாங்க. ட்ரூடியைவிட நல்லா."

அவர் சிரிக்கத் தொடங்கி, அவள் தோற்றது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

வெல்டன் கதவருகே காத்திருந்தார். "திங்கக்கிழமை பேசலாம், மார்லா."

"பேச என்ன இருக்கு? விளம்பரம் போடுங்க. பொண்ணுங்கள்லாம் பஸ்ல ஏறினதும் அவங்ககிட்ட நானே சொல்லிடறேன்."

பேருந்தில் சொன்னாள், சுற்றி வளைக்காமல். அடுத்த வருடம் தான் இருக்க மாட்டேன், டானெட்டுக்கு இந்த வேலை கிடைத்தால் நல்லது என்றாள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பேருந்து நெடுஞ்சாலையில் ஏறியதும் ஆட்ரா முன்னால் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"நான் விட்டிருக்கக் கூடாது, கோச்."

"நான் விடச் சொன்னேன், நீ விட்ட. தப்பு என்னோடது. அதை நீ தூக்கிட்டுப் போகாத."

ஆட்ரா தலையாட்டினாள். எழுந்து போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வயல்கள் ஓடின.

"ஒண்ணு சொல்லட்டுமா கோச்? நான் திரும்பறப்போ அந்தப் பதினாலாம் நம்பர் மூஞ்சியைப் பார்த்தேன். நான் எங்க போறேன்னு அவளுக்குப் புரியல. பயந்துட்டா. என் பின்னாலயே வர்ற மாதிரி ஒரு அடி எடுத்து வெச்சா, அப்புறம் நின்னுட்டா."

மார்லா இருக்கையில் முழுதாகத் திரும்பினாள்.

"உன் பின்னாலயா? எந்தக் காலை எடுத்து வெச்சா?"

"இடது கால்."

"வந்திருந்தா சுவரோட மோதியிருப்பா."

"ஆமா. அந்த இடமே அடைஞ்சு போயிருக்கும். பந்தை எறியவே முடிஞ்சிருக்காது."

மார்லா தன் பையில் பேனாவைத் தேடினாள். டானெட் பின்னாலிருந்து, காகிதம் இல்லாததால், பாப்கார்ன் பையைக் கிழித்து நீட்டினாள்.

"சரி," என்றாள் மார்லா. "நீ எங்க நின்ன, அவ எங்க நின்னா? மெதுவா சொல்லு."