நீக்கப்பட்டவர்கள் பன்னிரண்டு பேர்

இளைஞர் அணியின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறோம், பழைய செயலாளர் என்ற முறையில் பிழை பார்த்துத் தாருங்கள் என்று அச்சுத்தாள் கட்டு ஒன்று வீட்டுக்கு வந்தது. ஐம்பது வருஷம் கழித்தாவது என் நினைப்பு வந்ததே, அதுவரைக்கும் சந்தோஷம்தான். இருநூற்றுப் பதினான்காம் பக்கம் வரை சிவப்புப் பேனாவும் நானும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். அந்தப் பக்கத்தில், 'நீக்கப்பட்டவர்கள்' என்ற தலைப்பின் கீழ், என் தம்பி இருந்தான். போலீசுக்குத் தகவல் கொடுத்ததற்காக, மார்ச் மூன்றாம் தேதி.

அதை எழுதியதே நான்தான்.

எங்கள் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது பிடிபட்டால், அன்றைக்கே கூடி, அவரை ஒரு வாரத்துக்கு முன்பே நீக்கிவிட்டதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுவோம். அதற்காகவே ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் அரைப் பக்கத்தைக் காலியாக விட்டுவைப்பேன். புத்தகம் சிக்கினாலும், இவன் இவர்களுக்கு ஆகாதவன், இவனை அடித்துப் பயனில்லை என்று போலீஸ் விட்டுவிடும் என்பது எங்கள் கணக்கு. தம்பி மார்ச் பத்தாம் தேதி துண்டறிக்கைக் கட்டோடு பிடிபட்டான். எங்கள் தலைவர் சொல்லச் சொல்ல எழுதினேன். வெயிலோ மழையோ குடையில்லாமல் வரமாட்டார், அதனால் அவருக்குக் குடை என்றே பெயர். எனக்குப் பேனா.

"காரணம் கொஞ்சம் காட்டமா இருக்கட்டும் பேனா. அப்பத்தான் நம்புவானுங்க" என்றார்.

காட்டமாகவே எழுதினேன். தங்களுக்குத் தகவல் கொடுக்கிறவன் யார் என்று போலீசுக்கே தெரியாதா என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இருபது வயதில் அவ்வளவுதான் மூளை. பதினேழு நாள் கழித்துச் சிறையிலிருந்து தம்பியின் சட்டையை மட்டும் கொடுத்தார்கள். அவன் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குடையும் இல்லை, நானும் இல்லை. அந்தப் புத்தகம் கடைசிவரை போலீஸ் கையில் சிக்கவும் இல்லை. அதை நம்பிப் படித்த முதல் ஆள், இந்த வரலாற்றைச் சம்பளத்துக்கு எழுதியவர்தான்.

நாட்டுக்கு விடுதலை கிடைத்த மறுநாளே இந்தப் பொய் நீக்கங்களை ரத்து செய்துவிட வேண்டும் என்றுதான் பேச்சு. மறுநாள் நான் தெருவில் ஆடிக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த நாள் யாருக்கு என்ன பதவி என்று ஆரம்பித்துவிட்டார்கள். அணியைக் கட்சியோடு சேர்த்து, புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். பதில் வெட்கக்கேடு. நான் அப்போது சந்தோஷமாக இருந்தேன்.

அம்மாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. புத்தகம் வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான்.

"தியாகிங்க பட்டியல்ல தம்பி பேரு வருதாடி?"

"வரும்மா" என்று சொல்லிவிட்டு, கட்சி அலுவலகத்துக்கு பஸ் ஏறினேன்.

"வா பேனா. டீ சாப்பிடுறியா?" என்றார் குடை. வாசலில் காவலுக்கு இரண்டு பேர், உள்ளே பல்லைக் கிட்டவைக்கும் ஏசி.

"டீ இருக்கட்டும். இருநூத்திப் பதினாலாம் பக்கம் பாத்தீங்களா தோழர்? அது போலீஸை ஏமாத்த எழுதினதுன்னு ஒரு வரி போடுங்க."

"போட்டுடலாம். மிச்சம் பதினோரு பேருக்கு?"

"அவங்களுக்கும் போடுங்க."

"அதுல நாலஞ்சு பேரு நெஜமாவே காட்டிக்கொடுத்தவனுங்க. யாரு யாருன்னு சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. உண்மையையும் பொய்யையும் ஒரே மையில், ஒரே மாதிரிதான் எழுதிவைத்திருந்தேன்.

"எனக்கும் மறந்துபோச்சு" என்றார். முகத்தை உற்றுப் பார்த்தேன். நடிப்பில்லை, மனுஷனுக்கு நிஜமாகவே மறந்திருந்தது. சண்டை போடக்கூட எனக்கு ஆள் இல்லை.

"என் தம்பி காட்டிக்கொடுக்கலன்னு தெரியுமில்ல?"

"தெரியும். நீ சொன்னா, அக்காதானே, சொல்லத்தான் செய்வாம்பாங்க. நான் சொன்னா, இன்னும் எத்தனை பொய் எழுத வச்சேன்னு கேப்பாங்க. அன்னைக்கு அந்த ரூம்ல இருந்த மத்தவங்க எல்லாம் போய்ச் சேந்தாச்சு." மேசையில் நான் வைத்த அச்சுத்தாள் கட்டை என் பக்கம் தள்ளினார். "ஒண்ணு பண்ணு. அவன் வரியை அடிச்சிடு. பன்னெண்டைப் பதினொண்ணு ஆக்கிடு. எந்தப் பட்டியல்லயும் இருக்கமாட்டான்."

"அப்ப அவன் யாரு?"

"துரோகி இல்ல. தியாகின்னு போட்டா, தீர்மானப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, நீக்கினவன்தானேன்னு கேப்பாங்க. என்னால ஆனது அவ்வளவுதான். நாளைக்கு அச்சுக்குப் போகுது."

அங்கேயே உட்கார்ந்து அடித்தேன். ஒன்றரை வரிதான். பன்னிரண்டைப் பதினொன்றாகத் திருத்தினேன், அதை இன்றைக்கும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

புத்தகம் வந்த அன்று அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தியாகிகள் பட்டியலில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். நூற்று நாற்பது பெயர். முடிக்க அரை மணி நேரம் ஆனது.

"காணோமேடி."

"தப்பா எதுவும் போடலம்மா."

அவளுக்கு அது விளங்கவில்லை. எப்படி விளங்கும்?

"நீதானே பிழை பாத்த? விட்டுப்போச்சுன்னு நீ சொல்லியிருக்கலாமே. ஒனக்குக் கூடவாடி அவன் ஞாபகம் வரல?"

"வரலம்மா" என்றேன்.