சுண்ணாம்பு வெந்த நாக்கு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எந்த மனிதரிடமிருந்தும் பிறக்கவில்லை, ஒரு படத்திலிருந்து பிறந்தது. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு வீட்டில் தேத்தண்ணிக்குக் காத்திருந்தபோது மேசையில் கிடந்த பழைய விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் நாக்கின் படம் ஒன்று. நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், அடிநாக்கில் கசப்பு என்று காணி பிரித்து எல்லை போட்டிருந்தார்கள். தோட்டத்தில் துரை பங்களா மேட்டில், தொழிலாளர் வரிசைவீடான லயம் பள்ளத்தில் என்பதுபோலக் கசப்புக்குக் கடைசி இடம். அங்கேயே முதல் வாக்கியம் வந்துவிட்டது:

[கசப்பு எப்போதும் கடைசியில்தான் தெரியும் என்பதை வினோதா தன் அப்பாவின் நாக்கைப் பார்த்து—]

பிறகு விசாரித்தால், அந்தப் படமே பிழையாம். சுவை மொட்டு இருக்கிற இடமெல்லாம் எல்லாச் சுவையும் தெரியுமாம். நுனிநாக்கிலும் கசக்கும். வாக்கியம் அப்படியே படுத்துவிட்டது.

கதையையும் தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் வினோதா என்று பெயர் வைத்தாயிற்று, அவளுக்கு ஓர் அப்பாவும் வந்தாயிற்று. பெயர் வைத்த பிள்ளையைத் தூக்கிப் போட யாருக்கு மனம் வரும்?

2

அப்பாவின் பெயர் சோலைமலை. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. கொழுந்து எடுக்கும் பெண்களை மேய்ப்பது அவர் வேலை. (‘மேய்ப்பது’ அவருடைய சொல். மரியாதையான சொல் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், அவர் வாய்க்கு அது பொருந்தவில்லை.) அவருக்குக் கம்பு வேண்டாம், நாக்குப் போதும். இந்த மலையில் நின்று ஏசினால் அடுத்த மலையில் இருப்பவள் கூடையை நிமிர்த்திக்கொள்வாள். நரம்பில்லாத நாக்கு என்று அவருக்கு முதுகுக்குப் பின்னால் பெயர்.*

* நாக்குக்கு நரம்பில்லை என்று சொன்னவர் சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டதே இல்லை போலும். தொட்டால் தெரிய ஒரு நரம்பு, சுவைக்கு வேறு, அசைவுக்கு வேறு. ஏசுவதற்கென்று மட்டும் தனி நரம்பு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மனைவி தெய்வானை. அவர் கங்காணம் பார்க்கும் அதே மலையில் கொழுந்து எடுப்பவள். அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பதும் அவள்தான். காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, புகையிலை கிள்ளிப் போட்டு மடித்துக் கொடுப்பாள். மழையிலும் பனியிலும் நாள் முழுக்க நிற்கிற சனத்துக்குப் பசியை அடக்குவதும் அதுதான், குளிரை அடக்குவதும் அதுதான்.

போன வருடம் அவர் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைப் படை வந்தது. தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரே பதில்: சுண்ணாம்பு கூடிப்போச்சு, வாய் வெந்துபோச்சு. எல்லாருக்கும் எப்போதோ வெந்திருக்கிறது, எல்லாருக்கும் ஆறியும் இருக்கிறது. இவருக்கு ஆறவில்லை. ஆறாததால் கோபம் வந்தது. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் பக்கத்திலேயே இருந்தாள்.

“ஏண்டி, வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுறியா, செவுத்துக்கு வெள்ள அடிக்கிறியா?”

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். எழுதும்போது நானும் சிரித்தேன். பிறகு ஒருநாள் பெரட்டில், ஆட்களை எண்ணி மலைக்குப் பிரித்தனுப்பும் அந்தக் காலைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் சொன்னார்: “இவ வேணும்னே செஞ்சா. என் வாய அடைக்கணும்னே செஞ்சா.” அன்றோடு சிரிப்பு நின்றது. தெய்வானை சுண்ணாம்பைக் குறைத்தாள், பிறகு சுண்ணாம்பே இல்லாமல் மடித்தாள். படை தடித்து நடுவில் புண்ணானது.

மலையில் ஒருத்தி வெற்றிலைப் பையை நீட்ட இன்னொருத்தி எடுப்பதுதான் அங்கே உறவு. தெய்வானையின் பையிலிருந்து எடுப்பதை ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணின் சடங்கில் வெற்றிலைத் தட்டைத் தூக்கப் போனவளைச் சோலைமலையின் தங்கச்சி மறித்தாள். “நீங்க வேணாம் மதினி. நாங் குடுத்துக்கிறேன்.” தெய்வானை தட்டைக் கீழே வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

3

வினோதா ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொன்னால் யாராவது தேடிப் போவீர்கள். வெட்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் விரித்துச் சாயம் ஏற்றுவது அவள் வேலை. என்ன நோய் என்று எழுதுவது டொக்டரின் வேலை. ஆனாலும் தினம் உலை வைக்கிறவளுக்கு வெந்ததும் வேகாததும் தெரியாமலா போகும்?

அப்பாவை அவள்தான் கட்டாயப்படுத்தி அழைத்துவந்தாள். நாக்கின் ஓரத்திலிருந்து சிறு துண்டு எடுத்தார்கள். அதைச் சீவியதும் அவள்தான். (வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாமே என்று நானும் கேட்டேன். “எங்கப்பா நாக்க இன்னொருத்தங்க கையில குடுக்கமாட்டேன்” என்றாள். பாத்திரம் பிடிவாதம் பிடித்தால் எழுதுகிறவன் என்ன செய்வது.)

நுணுக்குக்காட்டியில் கண் வைத்தாள். நாக்கின் மேற்பரப்பு கோரைப் பாய் மாதிரி நிமிர்ந்த முளைகளால் ஆனது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சுவை தெரியாது, சொரசொரப்புக்கு மட்டுமே இருக்கின்றன. ஓரத்துக்கு வந்தால் மடிப்புகள். மடிப்பின் பக்கச் சுவரில், வெளியே தெரியாமல் ஒதுங்கி, சுவை மொட்டுகள்.

[கொழுந்தின் நுனியில் இருக்கும் மொட்டைப் போலவே நாக்கிலும் ஒரு—]

அடித்துவிட்டேன். கொழுந்துக் கூடையோடு வளர்ந்த பெண்ணுக்கு அந்த ஒப்புமை தோன்றாது. படம் பிடிக்க வருகிறவர்களுக்குத்தான் தோன்றும். அவளுக்கு வெள்ளைப்பூடுதான் ஞாபகம் வந்தது. நெருக்கி நிற்கும் பற்கள், உச்சியில் ஒரு துளை. அந்தத் துளை வழியாகத்தான் உலகம் உள்ளே வரவேண்டும். இனிப்பை அறிய அங்கே ஒரே ஒரு வகை ஏற்பி, கசப்பை அறிய ஏறக்குறைய இருபத்தைந்து. மனித உடம்பைச் செய்தவருக்கு மனித வாழ்க்கை தெரிந்திருக்கிறது. மொட்டிலுள்ள செல்கள் பத்து நாள் அளவில் செத்துப் புதிதாகுமாம். அப்படிப் பார்த்தால் கல்யாணத்தன்று தெய்வானையின் கையால் சோறு தின்ற நாக்கு இது இல்லை. ஏசுகிற பழக்கம் மட்டும் செல் மாறியும் மாறவில்லை.

கண்ணாடியை இன்னும் சற்று நகர்த்தினாள். மொட்டுகள் முடிந்த இடத்தில் வரிசை குலைந்திருந்தது. கரு பெருத்த செல்கள் தோலுக்கும் சதைக்கும் நடுவிலுள்ள அடிக்கோட்டை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தன. நடுநடுவே சுருள் சுருளாக ரோசா நிற உருண்டைகள். புத்தகத்தில் இவற்றுக்கு ‘முத்து’ என்று பெயர். இந்தப் பெயரை வைத்தவரை ஒரு நாளைக்காவது சந்திக்க ஆசை.

சுண்ணாம்பு சுட்ட சதை இப்படி இருக்காது. வினோதாவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, நிம்மதி. அம்மா செய்யவில்லை. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

4

வீட்டுக்குப் போய் அம்மாவிடம்தான் முதலில் சொன்னாள்.

“சுண்ணாம்பு இல்லம்மா. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. கேன்சரு. பாக்கும் பொகையிலையும் செஞ்ச வேல.”

தெய்வானை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“அவருகிட்ட சொல்லாத.”

“சொல்லாட்டி ஒங்க பேரு எப்புடிம்மா சரியாகும்?”

“எம் பேரு கெடக்கு. மேட்டு லயத்து அழகுமுத்துக்கு என்னா ஆச்சு? டொக்டரு நோவுக்குப் பேரு சொன்னாரு, அன்னையோட சோத்த நிறுத்துனான். நோவா கொன்னுச்சு? பேருதான் கொன்னுச்சு. சுண்ணாம்புப் புண்ணுன்னா ஆறிரும்னு நம்பி ஒங்கப்பா நாலு வாய் திம்பாரு. சுண்ணாம்புன்னே இருக்கட்டும்.”

“ஒங்க கையால ஒருத்தரும் வெத்தல வாங்கமாட்டேங்குறாங்க.”

“வாங்காட்டி போறாளுக. எனக்கு வெத்தல மிச்சம்.”

இந்த இடத்தில் அவளை அழவைக்க முயன்றேன். இரண்டு பிரதிகளில் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். இரண்டிலும் பொய்யாகத் தெரிந்தாள். இப்போது அரிசி களைகிறாள், அப்படியே விட்டுவிட்டேன்.

5

அடுத்த காட்சிக்கு வசதியாக ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். சத்திரசிகிச்சை டொக்டருக்குத் தமிழ் தெரியாது. சோலைமலைக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் வினோதா. அவள் எதை மொழிபெயர்க்கிறாளோ அதுவே அவருடைய நோய். இதை வைத்து இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று: வினோதா உள்ளதைச் சொல்கிறாள். சோலைமலை உடைந்துபோய், வெளியே வந்து மனைவியின் கையைப் பிடித்து, “தெய்வான, ஒன்னய—”

[இதற்கு மேல் போகவில்லை. அந்த மன்னிப்பை அவர் வாயில் வைத்தது நான். அவருடைய வாயில் அது நிற்காது, துப்பிவிடுவார்.]

முடிவு இரண்டு: வினோதா சுண்ணாம்பு என்கிறாள். நாக்குப் பாதி போகிறது. ‘பொண்டாட்டி வச்ச சுண்ணாம்பு புருசன் நாக்கையே எடுத்துருச்சு’ என்று தோட்டம் முழுக்கப் பேசுகிறது. தெய்வானை அவருக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டு, சாகும்வரை அந்தப் பேரோடு இருக்கிறாள்.

நடக்கக்கூடியது இதுதான் என்று முடிவு செய்து, மஸ்கெலியாவில் கடை வைத்திருக்கும் விஜிதரன் என்ற நண்பரிடம் வாசிக்கக் கொடுத்தேன். பாதியிலேயே சிரித்துவிட்டார்.

“கங்காணிக்குச் சிங்களம் தெரியாதா? கடையில, பஸ்ஸில, பொலிஸில எல்லாம் இவ்வளவு காலமும் கைய ஆட்டிக்கிட்டா பேசுனாரு? நீங்க எந்தத் தோட்டத்தப் பாத்து எழுதுறீங்க?”

வினோதாவாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அந்தப் பதற்றத்தில் மறந்துபோயிருக்க வேண்டும், அப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். காட்சியைத் திரும்ப எழுதினேன்.

6

உள்ளே துணைக்கு ஒருவரைத்தான் விட்டார்கள். தெய்வானை வெளியே வாங்கில் உட்கார்ந்துகொண்டாள்.

டொக்டர் நல்ல மனிதர். நோயின் பெயரைச் சிங்களத்தில் மறைக்காமல் சொன்னார். நாக்கில் பாதியை எடுக்கவேண்டும், கழுத்தையும் திறந்து பார்க்கவேண்டும், பேச்சு பழையபடி வராது, அப்பாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள் என்றார்.

வினோதா அப்பாவிடம் திரும்பினாள். “சுண்ணாம்புப் புண்ணு உள்ள எறங்கிருச்சாம்ப்பா. கொஞ்சம் வெட்டி எடுக்கணுமாம்.”

சோலைமலை மகளைப் பார்க்கவில்லை. டொக்டரைப் பார்த்து, கடைத்தெருச் சிங்களத்தில், நிதானமாகக் கேட்டார்: மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு ஆட்களைக் கூப்பிட முடியுமா? குரல் இருக்கும், சொல்தான் தெளியாது என்றார் டொக்டர். சோலைமலை தலையை ஆட்டினார். டொக்டர் எதையோ எடுக்க அடுத்த அறைக்குப் போனார்.

“ஒங்களுக்கு எப்பருந்துப்பா தெரியும்?”

“வெள்ளையா இருந்தப்பவே டிக்கோயாவுல ஒரு டொக்டருகிட்ட தனியா காட்டுனேன். வெத்தலைய விடு, இல்லாட்டி இது கேன்சரா மாறிரும்னு அப்பவே சொன்னாரு.”

“பெரட்டுல அம்மாவச் சொன்னீங்களே. அதுக்கு முன்னாடியா?”

“ம்.”

“அப்பறம் ஏம்ப்பா சொன்னீங்க?”

“நானே தின்னு நானே கெட்டேன்னு அத்தன பொம்பளைங்க முன்னுக்கு நின்னு சொல்லச் சொல்றியா? அவளுகள வெரட்டுன வாயி புள்ள இது.” சோலைமலை எச்சிலை வலியோடு விழுங்கினார். “சுண்ணாம்புன்னே இருக்கட்டும். ஒங்கம்மா தாங்கிக்குவா.”

அதைச் சொன்னபோது குரலில் வாஞ்சை இருந்தது. வினோதாவால் பொறுக்க முடியாதது அதுதான். அடுப்படியில் அம்மா சொன்ன அதே சொல்லை இவரும் சொல்கிறார். அம்மா அவருக்காகத் தாங்குகிறாள். இவர் அது தெரியாமலே, தாங்கட்டும் என்று ஏற்றிவைத்திருக்கிறார். அந்த நிமிடம் வினோதா அப்பாவை வெறுத்தாள், முழுசாக. வெறுத்துக்கொண்டே, பரிசோதனை நாற்காலியிலிருந்து அவர் இறங்குவதற்குக் கை கொடுத்தாள்.

7

இதுவரை எழுதியதை நான் மாற்றமாட்டேன். இனிமேல்தான் தகராறு.

வினோதா கதவைத் திறந்து வெளியே வருகிறாள். தெய்வானை வாங்கிலிருந்து எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

“சுண்ணாம்புன்னுதானே சொன்ன?”

வினோதா தலையாட்டுகிறாள். அது பொய் இல்லை, அவள் அப்படித்தான் சொன்னாள்.

“கேட்டுட்டு என்னைய ஏசுனாரா?”

கேட்கும்போது தெய்வானையின் முகத்தில் அப்படி ஓர் ஆவல். ஏசினால் மனுசன் தெம்பாக இருக்கிறார் என்பது அவள் எண்ணம்.

“ஏசுனாரும்மா” என்று ஒரு பிரதியில் எழுதினேன். தெய்வானை சிரித்தாள். என்னால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை, கிழித்துவிட்டேன். “அவருக்கு எல்லாம் தெரியும்மா, மொதல்லருந்தே தெரியும்” என்று இன்னொன்றில் எழுதினேன். அவள் மறுபடி வாங்கில் உட்கார்ந்தாள். பேர் திரும்பக் கிடைத்தது, ஆனால் யாருக்காக அதை விட்டுக்கொடுத்தாளோ அவர் அதற்கு முன்பே, தெரிந்தே அதைப் பறித்துவிட்டிருந்தார் என்பதும் சேர்ந்து கிடைத்தது. அந்த முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை.

நான் பேனாவை மூடுகிறேன். கோழைத்தனம் என்றால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வரியை நீங்கள் சொல்லுங்கள், ஆனால் யோசித்துக்கொண்டே நிற்காதீர்கள். தெய்வானை மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.