கடைசித் துப்பாக்கி

என் புருஷன் கதாபு கள் இறக்க மரமேறும்வரை காத்திருந்தேன். தென்னையில் பாதி உயரம் அவன் போனதும் வீட்டுக்குள் நுழைந்து, தாழையோலைக் கூரையில் செருகியிருந்த துப்பாக்கியை இழுத்தேன். எட்டு வருடமாக என் தலைக்கு மேலேயே படுத்துக் கிடந்த பொருள், ஒருநாளும் நான் தொட்டதில்லை. இவ்வளவு கனம் இருக்கும் என்று நினைக்கவில்லை. பாயில் சுற்றிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். யாரிடம் மறைக்கப் போகிறேன், ஊரே இதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறது என்று அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் நவூரு சின்னத் தீவு. விடிகாலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் கடலோரமாகவே சுற்றி வந்துவிடலாம். இந்தக் கையளவு மண்ணில் பன்னிரண்டு குலம், பத்து வருடச் சண்டை. ஒரு கல்யாண விருந்தில் யார் முதலில் பேசுவது என்று தகராறு வந்தது. முன்பென்றால் நாலு பல் உடையும், ஒரு மண்டை உடையும், மறுநாள் குளத்து மீனைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் ஆகிவிடுவார்கள். அன்று ஒருவன் இடுப்பில் கைத்துப்பாக்கி இருந்தது. அதை விற்றவன் கொப்பரை வாங்கும் வெள்ளைக்காரன். வெயிலில் சிவந்து தோலுரிந்த அவன் முகத்தைப் பார்த்து நாங்கள் அவனை நண்டு என்போம். கொப்பரையைக் கொடு, துப்பாக்கியை எடு என்று எல்லாக் குலத்துக்கும் ஒரே சிரிப்போடு விற்றான். ஒருத்தன் வாங்கினால் பக்கத்து வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? கடைசியில் தோப்புக்குள் போகவே ஆட்கள் பயந்தார்கள். தேங்காய் விழுந்த இடத்திலேயே முளைத்தது. அப்போதுதான் நண்டுக்கு வயிறு எரிந்தது, கடல் தாண்டித் தன் ஜெர்மன் ராஜாவுக்குச் சொல்லியனுப்பினான். பத்து வருடம் நாங்கள் செத்தது எவன் காதிலும் விழவில்லை. கொப்பரை நின்றதும் போர்க்கப்பல் வந்துவிட்டது. அவர்கள் கணக்கில் அது ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டாம் வருடம் என்று பிற்பாடு பாதிரியார் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

வந்த சிப்பாய்கள் தீவை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ஒவ்வொரு பகுதியின் தலைவனையும் பிடித்து நண்டின் கொப்பரைக் கிட்டங்கியில் அடைத்தார்கள். என் அண்ணன் அம்வானோவும் அதற்குள் இருந்தான். எந்தத் தலைவனின் பகுதியிலிருந்து எல்லாத் துப்பாக்கியும் வந்து சேருகிறதோ அவனுக்கு விடுதலை. நாளை விடிவதற்குள் வராவிட்டால் தலைவனைச் சுட்டுவிடுவார்கள். எந்த வீட்டில் எத்தனை இருக்கிறது என்று ஏமாற்றவும் முடியாது. விற்றவனே கிட்டங்கி வாசலில் உட்கார்ந்திருக்கிறானே! காலையில் அண்ணி வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. “எல்லாம் வந்துருச்சு கோனியா. உன் வீட்டுது ஒண்ணுதான் வரல” என்றாள். அப்படியே திரும்பிப் போனாள்.

எங்களில் பிள்ளைக்குத் தாயின் குலம், நிலமும் தாய்வழிதான். அதனால் கல்யாணம் ஆனதும் கதாபு என் வீட்டுக்கு வந்தான். என் குலத்து மண்ணில் எதிரிக் குலத்து ஆள். அந்தச் சண்டைக் காலத்தில் பாதி வீடுகளில் இதே கூத்துதான். பகலில் தன் ஆட்களோடு சேர்ந்துகொண்டு எங்கள் ஆட்களைச் சுடப் போவான், இருட்டுவதற்கு முன் என் கையால் சாப்பிட வருவான். மேலே பார்த்துத்தான் சுடுகிறேன் என்பான். நானும் நம்பினேன். போன வருடம் எங்கள் ஆட்கள் அவன் அண்ணனைக் கொன்றார்கள். அடுத்த மாதம் என் சித்தி மகன் ரிபாவ் செத்தான். கள் இறக்குகிறவன் உச்சியில் இருக்கும்போது பாட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பாடிக்கொண்டிருந்த ரிபாவைக் கீழே நின்று சுட்டது கதாபு. இந்த முறை மேலே பார்த்துத்தான் சுட்டிருக்கிறான்.

ரிபாவுக்காக மூன்று நாள் மாரடித்து அழுதேன். நாலாம் நாள் கதாபுவுக்கு மீன் சுட்டு வைத்தேன். இரண்டும் நான்தான். அந்தத் துப்பாக்கி கூரையில் இருந்ததால்தான் ரிபாவுக்குப் பழி வாங்க என் அண்ணன் அன்றுவரை என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அது போய்விட்டால் கதாபுவுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அவன் இருந்த மரத்தைத் தாண்டாமல் கடலோரப் பாதைக்குப் போக வழியில்லை. குனிந்த தலையோடு வேகமாக நடந்தேன். ரிபாவ் செத்ததிலிருந்து யாரும் மரத்தில் பாடுவதில்லை, அதனால் அவன் மேலே இருப்பதே தெரியவில்லை. சரி, தாண்டிவிட்டேன் என்று நினைத்தபோது குரல் வந்தது.

“ஏ கோனியா. எங்க எடுத்துட்டுப் போற?”

நின்றுவிட்டேன். “எங்கன்னு உனக்குத் தெரியாதா?”

“கீழ வை. எறங்கி வந்து பேசறேன்.”

“நீ எறங்கி வந்தா பேச மாட்ட, புடுங்கிக்குவ. அங்கேருந்தே பேசு.”

நிமிர்ந்து பார்த்தேன். மட்டைகளுக்கு நடுவில் அவன் முகம் கொஞ்சமாகத் தெரிந்தது. நான் நிமிர்ந்தபோது தோளில் இருந்த குழலும் சேர்ந்து அவன் பக்கம் நிமிர்ந்ததை நான் கவனிக்கவில்லை. அவன் கவனித்தான்.

“சுடப் போறியா?” என்றான். விளையாட்டாகக் கேட்ட மாதிரிதான் இருந்தது. ஆனால் முகத்தை மட்டைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“ச்சீ. என்ன பேச்சு பேசற.” குழலைத் தாழ்த்தினேன். ரிபாவ் எப்படிப் பார்த்திருப்பான், கீழே நின்றவனை அடையாளம் தெரிந்து “மச்சான்” என்று கூப்பிட்டிருப்பானா என்றெல்லாம் அந்த நேரத்தில்தானா தோன்ற வேண்டும்.

“உங்கண்ணன் வெளிய வந்தா மொத வேலையா என்ன செய்வான்னு யோசிச்சியா?”

“வெள்ளக்காரன் விட மாட்டான். இனிமே யாரும் யாரையும் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்ல.”

“அவன் எத்தன நாளைக்கு இருப்பான்? காத்து மாறுனா கப்பல் போயிரும். நானும் உங்கண்ணனும் இங்கதான் கெடக்கணும்.”

“நாளைக்கு அவன சுட்டுருவாங்க யோவ். எங்கம்மாவுக்கு நாங்க ரெண்டே பேரு.”

மேலே பாளை சீவும் கத்தியை மட்டையில் செருகும் சத்தம் கேட்டது.

“அப்ப நான்?” என்றான்.

அழுதேன். ஆனால் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. அவன் நினைத்திருந்தால் சரசரவென்று இறங்கி ஓடிவந்து பிடித்திருக்கலாம், என்னைவிட மூன்று மடங்கு வேகமாக ஓடுவான். அவன் இறங்கவில்லை.

“குண்டு உள்ள இருக்கு. தோள்ல சாய்க்காத, குழலக் கடல் பக்கமா புடிச்சிட்டுப் போ. கல்லு தடுக்கி விழுந்து தொலச்சிராத” என்றான்.

கிட்டங்கிக்கு முன்னால் துப்பாக்கிகள் விறகு போலக் குவிந்து கிடந்தன. நண்டு என் கையிலிருந்ததை வாங்கிப் பார்த்தான். “ஆ, கதாபுவோடது. நல்ல துப்பாக்கி” என்று எங்கள் மொழியில் சொன்னான், நேற்றுத்தான் விற்றவன் போல. குண்டை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். சிப்பாய் கதவைத் திறந்தான்.

அண்ணன் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தான். உடம்பெல்லாம் கொப்பரை நாற்றம். என்னைப் பார்த்ததும் எங்கள் வழக்கப்படி பாசத்தோடு முகத்தில் முகம் வைத்து முகர்ந்தான், கண்ணீர் என் கன்னத்தில் பட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. செய்தது சரிதான் என்று அந்த ஒரு நிமிடம் நினைத்தேன்.

“அவன் குடுத்தானா, நீ எடுத்துட்டு வந்தியா?”

“நான்தான் எடுத்துட்டு வந்தேன்.”

“அவன் எங்க?”

“மரத்துல.”

அண்ணன் தலையாட்டினான். கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம். “ரிபாவ் நல்லாப் பாடுவான்ல” என்றான். அப்புறம் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் காலை எல்லா ஆம்பளையும் சிப்பாய்கள் நட்ட கொடிக்கம்பத்துக்கு வர வேண்டும் என்று உத்தரவு. வராதவன் துப்பாக்கியை ஒளித்து வைத்திருப்பதாக அர்த்தம். நான் போகாதே என்றேன். “போகாட்டி சிப்பாய் வருவான், போனா உங்கண்ணன். எவன் கையால வேணும்னு நீயே சொல்லு” என்று சிரித்தான் கதாபு. இரவில் அவன் தூங்கவே இல்லை. பிறகு எப்படிச் சிரிப்பு வந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நானும் மற்றப் பெண்களும் பிள்ளைகளோடு பின்னாலேயே போனோம். கம்பத்துக்குக் கீழே கப்பல் தளபதி ஏதேதோ படித்தான், நண்டு எங்கள் மொழியில் சொன்னான். இனிமேல் இந்தத் தீவு அவர்கள் ராஜாவுடையது. துப்பாக்கி கூடாது. கள் இறக்கக் கூடாது. வருடாவருடம் ராஜாவுக்குக் கொப்பரை கொடுக்க வேண்டும். “மழையாச்சும் அவரக் கேக்காம பெய்யலாமா?” என்று கூட்டத்தில் ஒரு கிழவன் கேட்க, கொஞ்சம் பேர் சிரித்தார்கள். சிப்பாய்கள் திரும்பிப் பார்த்ததும் அதுவும் அடங்கியது. துப்பாக்கிகளையெல்லாம் ஏற்கெனவே படகில் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

பிறகு தளபதி, விடுதலையான தலைவர்கள் எல்லோரும் எதிரிக் குலத்தில் ஒருவனோடு கைகுலுக்கிச் சமாதானமாக வேண்டும் என்றான். அது அவர்கள் வழக்கம். அண்ணனின் முறை வந்தது. நண்டு கூட்டத்தைப் பார்த்தான். யார் யாரைக் கொன்றார்கள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன, ஒவ்வொரு குண்டும் அவன் கொடுத்ததுதானே. “கதாபு, நீ வா. ரெண்டு பேரும் மச்சான்மாருங்க, பாக்க நல்லாருக்கும்” என்று அவன் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான். தளபதியிடமும் ஏதோ சொன்னான். தளபதி சந்தோஷமாகத் தலையாட்டினான்.

அண்ணன் கையை நீட்டினான். அவனைவிட ஒரு தலை உயரமான கதாபு பிடித்தான். இரண்டு பேருக்கும் அதை எப்படிக் குலுக்குவது என்று தெரியவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்கள். மற்றவர்கள் எல்லாம் பிடித்தவுடன் விட்டுவிட்டார்கள். அண்ணன் விடவில்லை. கதாபு என்னைத் தேடித் தலையைத் திருப்பினான்.

அப்போதுதான் கப்பலிலிருந்து பீரங்கி வெடித்தது. கொடி ஏற்றியதற்கு மரியாதையாம், அது எங்களுக்கு எப்படித் தெரியும்? பத்து வருடப் பழக்கம், ஆண், பெண், குழந்தை எல்லோரும் ஒரே நேரத்தில் குப்புற விழுந்தோம். என் வாயில் மண் போயிற்று. ஒருவர்மேல் ஒருவர் கிடந்தோம், குழந்தைகள் வீறிட்டன. சிப்பாய்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தது கேட்டது.

அவர்கள் இரண்டு பேர் மட்டும் விழவில்லை. கிடந்த இடத்திலிருந்து எனக்கு அவர்கள் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. தலையைத் தூக்க எனக்குத் தைரியம் இல்லை. அண்ணனின் வலது கால் ஒரு எட்டு முன்னால் வந்தது. கதாபுவின் விரல்கள் மணலைப் பற்றிக்கொண்டன, பின்னால் போகவில்லை. இரண்டாவது பீரங்கி வெடித்தது. அண்ணனின் இடது காலும் வந்து சேர்ந்தது. இப்போது இருவரின் பாதங்களும் விரலோடு விரல் ஒட்டியிருந்தன. அவ்வளவு கிட்டத்தில் நின்று எங்கள் ஊரில் முகர்வார்கள், இல்லாவிட்டால் கொல்வார்கள். அண்ணனின் குதிகால்கள் மெல்ல மண்ணைவிட்டு எழும்பின.