வேலைக்காரி வேஷம் யாருக்கு

க்ரிஸ்பின் ஹார்ட்லி லண்டன் கல்லூரி ஒன்றில் வர்க்கமும் பேச்சும் பற்றிப் பாடம் எடுப்பவர். ஏழைகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை, நேரில் பார்த்ததில்லை என்பதைத் தவிர.

இந்தப் பருவத்துக்கு ஒரு பழைய நகைச்சுவை நாடகம். எஜமானியின் கவுனை மாட்டிக்கொண்டு, எஜமானி மாதிரியே பேசி, விருந்துக்கு வந்த பிரபுக்களை ஏய்க்கும் வேலைக்காரியின் கதை. கடைசியில் மாணவர்களே அதை நடிப்பார்கள். பார்க்க வரும் நாடகக் கம்பெனிக்காரர் மால்கம் ரீவ், ஒரே ஒருவருக்கு வேலை கொடுப்பார். அந்த ஒருவராகிவிட வேண்டுமென்று கீலி ஸ்டப்ஸ் தவம் கிடந்தாள். அம்மா கென்சிங்டன் பங்களாக்களில் தரை துடைப்பவள், அப்பா பஸ் டிரைவர். வேலைக்காரி வேஷத்துக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

தகுதி ஆட்டலைன் வெய்னுக்குத்தான் இருந்தது. அவள் அப்பாவுக்கு ஊர்ப்புறத்தில் மான் மேயும் தோட்டம் உண்டு. ஆனால் அந்த வகைப் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்த முதல் வாரமே வீட்டுப் பேச்சைப் பெட்டியில் பூட்டிவிட்டு, மீன் மார்க்கெட் பேச்சை மாட்டிக்கொள்வார்கள். கிழிந்த ஜீன்ஸ் மாதிரி அதுவும் ஒரு ஃபேஷன். கீலியோ எதிர்த்திசை. நேர்முகத் தேர்வுக்காக நாக்கை இஸ்திரி போட்டு, இன்றுவரை மடிப்பு கலையாமல் வைத்திருந்தாள்.

"இன்னா சார், ரோலு நமக்குத்தான?" என்றாள் ஆட்டலைன்.

"ஆஹா, மண் வாசனை!" ஹார்ட்லி கண்ணை மூடி ரசித்தார். "கீலி, உன் பேச்சுல அது இல்லியேம்மா."

இஸ்திரி கலைந்தது. "யோவ், இன்னாய்யா மண்ணு வாசன? எங்கம்மா இவ வூட்டாட்டம் வூட்ல கக்கூஸு கழுவிக்கினு கீது. இவ எங்க வாயப் புடுங்கி மாட்டிக்கினு ஆடுவா, நீ கை தட்டுவியா?"

ஹார்ட்லி தலை சாய்த்து யோசித்தார்.

"சத்தம் ஜாஸ்தி. நிஜத்துல யாரும் இப்படிப் பேசறதில்ல. நீ எஜமானியா நடி."

வகுப்பு முடிந்ததும் ஆட்டலைன் மூலையில் போனோடு ஒதுங்கினாள். "ஆமாம் மம்மி, வேலைக்காரி வேடம் எனக்குத்தான் கிடைத்தது. குதிரைக்குச் சளி தேவலையா?"

கீலி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் உதடசைத்துப் பழகினாள். திருட்டென்று வந்துவிட்டால் அவளும் குறை வைப்பதாக இல்லை.

நாடகத்தன்று கீலி வாயைத் திறந்ததும் முன்வரிசையிலிருந்த ஆட்டலைனின் மம்மி, சொந்தக்காரப் பெண்ணைப் பார்த்துவிட்டது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திரை விழுந்ததும் ரீவ் மேடையேறி ஆட்டலைனின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு கஷ்டத்துலேர்ந்து வந்திருக்க! வேலை உனக்குத்தான்."

பிறகு கீலியிடம் திரும்பினார். "பிரமாதம்மா. ஆனா உங்கள மாதிரி பெரிய எடத்துப் பொண்ணுங்க எங்ககிட்ட ஏற்கெனவே நிறைய. உங்களுக்கென்ன, அப்பா பாத்துப்பார்."

"எங்கப்பன் பஸ் ஓட்டுறான்யா, யோவ்!"

ரீவ் முகம் சுளித்தார். "ஏழைங்க பேச்சைக் கிண்டல் பண்ணக் கூடாதும்மா. அதுவும் இந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கறப்போ."

"வுடு சார், பாவம்," என்றாள் ஆட்டலைன், பெருந்தன்மையாக.