பத்தொன்பது நாட்கள்

ஜோதிலிங்கம் இறந்து பதினான்கு மாதங்கள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவருடைய மூளைக் கட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அவர் மனைவி அருக்காணிக்குத் தெரியவந்தது.

போனில் பேசியவள் தன் பெயர் சுபிக்ஷா என்றாள். தெற்கு தில்லியில் ஓர் ஆய்வகத்தில் வேலை. தில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண் என்பது அவள் தமிழைக் கேட்டதுமே புரிந்தது.

"ஆன்ட்டி, ஆபரேஷன் அப்போ எடுத்த ட்யூமர்ல கொஞ்சம் ரிசர்ச்சுக்குக் குடுக்கறேன்னு அங்கிள் சைன் பண்ணியிருந்தார். ஞாபகம் இருக்கா?"

"இருக்குது கண்ணு. அதையெல்லாம் அப்பவே தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"இல்ல ஆன்ட்டி. அதை எலியோட மூளைக்குள்ள வெச்சு வளர்க்கறோம். இப்போ பெங்களூர்ல இன்னொரு லேபுக்கும் அனுப்பணும். அதுக்கு ஃபேமிலியோட பர்மிஷன் வேணும். ஃபார்மை நானே வீட்டுக்குக் கொண்டுவரேன்."



"நீ வர வேண்டாம். நானே வர்றேன். எனக்கு அதைப் பாக்கோணும்."

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கல்யாணமாகி தில்லி மயூர் விஹாருக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தைந்து வயது. ஜோதிலிங்கத்துக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. இருபத்தேழு வருடம் இருவரும் சண்டை போடுவதற்குப் பெரிதாக எதுவும் இல்லாமல் வாழ்ந்தார்கள். பிறகு ஒரு கோடையில் அவர் தட்டில் பாதிச் சோற்றை மிச்சம் வைக்க ஆரம்பித்தார். "சோத்தை வீசற அளவுக்குப் பெரிய மனுசன் ஆயிட்டீங்களா?" என்று அவள் தினமும் திட்டினாள். கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொண்டார். அதற்கும் திட்டினாள். ஒரு நாள் முகத்தின் வலது பாதியை மட்டும் சவரம் செய்துகொண்டு ஆபீசுக்குக் கிளம்பி நின்றார். அன்றுதான் அவளுக்குப் பயம் வந்தது.

கட்டி மூளையின் வலப்பக்கத்தில் இருந்தது. அதனால் இடப்பக்க உலகமே அவருக்கு இல்லாமல் போய்விட்டது என்றார் மருத்துவர். அதன்பிறகு அவர் பாதி சாப்பிட்டதும் அருக்காணி தட்டைத் திருப்பி வைப்பாள். "அட, இன்னும் இருக்குதா!" என்று ஒவ்வொரு முறையும் ஆச்சரியப்படுவார். செப்டம்பரில் அறுவை சிகிச்சை. மே மாதம் போய்விட்டார்.

ஆய்வகத்துக்கு அவள் மெட்ரோவில் போனாள். வாசலில் காத்திருந்த சுபிக்ஷா நினைத்ததைவிட சின்னப் பெண்ணாக இருந்தாள்.

"உள்ள போக முடியாது ஆன்ட்டி. இந்த எலிகளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தியே கிடையாது. இருந்தா, மனுஷ செல்லை ஏத்துக்காம அழிச்சிடும். அதனால நம்ம மூச்சுக் காத்தே அதுக்கு ஆபத்து. கண்ணாடி வழியா காட்டறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலை முதல் கால்வரை மூடிய உடையில் இருந்த பணியாளர் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து காட்டினார். உள்ளே வெள்ளைச் சுண்டெலி ஒன்று. முதுகைக் கூனிக்கொண்டு நடந்தது. நேராகப் போக முடியாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்து, சின்ன வட்டமாகச் சுற்றியது. சுவரில் மோதி நின்றது. மறுபடி சுற்றியது.

அருக்காணி கண்ணாடியில் கை வைத்தாள்.

"இப்படித்தான்," என்றாள். "கடைசியில பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போறப்ப இப்படித்தான் சாய்வாரு. நான் முட்டுக் குடுத்துட்டே போவேன்." பிறகு கேட்டாள், "இது எத்தனை நாளைக்கு இருக்கும்?"

சுபிக்ஷா பொய் சொல்லவில்லை. "இந்த நிலைமைக்கு வந்தா அதுக்கு மேல கஷ்டப்பட விடமாட்டோம் ஆன்ட்டி. இன்னிக்கு மத்தியானம்."

"வலிக்குமா?"

"வலிக்காது. தூங்க வெச்சுதான் செய்வோம்."

"நல்லது," என்றாள் அருக்காணி. பணியாளர் பெட்டியை எடுத்துப்போன பிறகும் அவள் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"எதுக்கு இதெல்லாம் பண்றீங்க கண்ணு?"

"எல்லாருக்கும் ஒரே மருந்து கேக்கறதில்ல. அங்கிளோட கட்டியை எலில வளர்த்து, எந்த மருந்து கேக்குதுன்னு பார்த்தா அவருக்கே குடுக்கலாம்னுதான் ஆரம்பிச்சோம். ஆனா எலில அது வளரவே ஆறு மாசம் ஆயிடுச்சு. ரிசல்ட் வந்தது போன வருஷம் ஜூலைல."

அருக்காணிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஏதாச்சும் கேட்டுச்சா?"

"ஒரு மருந்து கேட்டது ஆன்ட்டி. அது குடுத்த எலிகள் மத்ததை விட பத்தொன்பது நாள் கூடுதலா இருந்தது."

"எலிக்குப் பத்தொம்பதுன்னா மனுசனுக்கு?"

"அப்படிச் சொல்லவே முடியாது. அங்கிளுக்குக் கேட்டிருக்கலாம், கேக்காமலும் போயிருக்கலாம். நிஜமாவே தெரியாது."

"எனக்குப் பத்தொம்பதே போதும்," என்றாள் அருக்காணி.

வராந்தாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். சுபிக்ஷா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஒரு நாயித்துக்கெழமை, 'இங்க வா, உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்'னு கூப்பிட்டாரு. அடுப்புல பால் பொங்கிட்டு இருந்துச்சு. இருங்க வர்றேன்னேன். நிறுத்திட்டுப் போறதுக்குள்ள தூங்கிட்டாரு. அதோட பேச்சு நின்னு போச்சு. பதினோரு நாள் என்னையே பாத்துட்டுக் கெடந்தாரு, அப்புறம் போயிட்டாரு. என்ன கேக்க வந்தாருன்னு நான் இன்னும் யோசிச்சுட்டே இருக்கேன். பெருசா ஒண்ணும் இருக்காது. சட்டை எங்கேன்னு கேட்டிருப்பாரு. ஆனா தெரியாதே."

சுபிக்ஷா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"வேண்டாம்னா சொல்லிடுங்க ஆன்ட்டி. எல்லாத்தையும் நிறுத்திடலாம். உங்களுக்கு ரைட் இருக்கு."

அருக்காணி அவள் கொடுத்த படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அதில் அவர் பெயர் இல்லை, ஓர் எண் மட்டும்தான் இருந்தது.

"அவரைத் தின்னது இதுதான். இது அழிஞ்சு போகட்டும்னுதான் நெனச்சுட்டு வந்தேன்," என்றாள். "ஆனா அவரு ஒடம்புல இருந்ததுல வேற எதுவும் இந்த ஒலகத்துல மிச்சமில்லியே." கையெழுத்துப் போட்டாள். "பெங்களூரு போய்ச் சேந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணு."

அப்படித் தகவல் சொல்லும் வழக்கம் ஆய்வகத்தில் இல்லை. ஆனாலும் சுபிக்ஷா, "பண்றேன்," என்றாள்.

மூன்று வாரம் கழித்து, போய்ச் சேர்ந்துவிட்டது என்று அழைத்தாள். அப்புறம் மாதம் ஒருமுறையாவது, சொல்ல ஒன்றுமில்லாத நாட்களிலும், அவள் போன் வந்தது. ஜனவரியில் ஒரு மத்தியானம் அவள் குரலில் அவசரம் தெரிந்தது.

"ஆன்ட்டி, பெங்களூர்ல அந்த மருந்தோட இன்னொண்ணையும் சேர்த்துக் குடுத்திருக்காங்க. நாப்பத்தொரு நாள் கூடுதல்! பேஷன்ட்டுக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். ஆனா நாப்பத்தொண்ணு!"

"நெசமாவா கண்ணு?"

"நெஜம்."

போனை வைத்ததும், எதையாவது கேள்விப்பட்டால் எப்போதும் செய்வதைப் போல, அருக்காணி உள் அறைப் பக்கம் திரும்பி "ஏனுங்க" என்றாள். சொல்லிவிட்ட பிறகுதான் நினைவு வந்தது. ஆனால் நிறுத்தவில்லை. வாசற்படியில் நின்றபடியே, யாரும் இல்லாத கட்டிலைப் பார்த்து, முழுவதையும் சொல்லி முடித்தாள்.